விண்கப்பலிலும் அக்கா தங்கைதான்

யார் பேசினாலும் அவர்கள் வாயைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். கண்ணைப் பார்ப்பதில்லை. பேருந்தில் எதிர் இருக்கையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், இவள் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசையும். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொல்லி முடிக்கும் அதே நேரத்தில் இவள் வாயும் மூடும். சிலர் இதைக் கேலி என்று நினைத்து முறைத்திருக்கிறார்கள். ஒரு காய்கறிக்காரி, "என்ன, பழிப்புக் காட்டுறியா?" என்று தராசைக் கீழே வைத்துவிட்டாள். இந்தப் பழக்கத்தை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தையல்காரிதான். தூக்கத்தில்கூட உன் உதடு சும்மா இருப்பதில்லை, கனவில் வருகிறவர்களுக்கும் நீதான் பேசுகிறாயா என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழில் அப்படி. வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பவள். திரையில் வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். அர்த்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உதடு பிசகினால் கொட்டகையில் சிரித்துவிடுவார்கள்.

தெருவில் அவளைக் குரல்காரி என்பார்கள். ஸ்டூடியோவில் அவளுக்குப் பேர் கரகரா. சின்ன வயதிலிருந்தே தொண்டையில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஒரு கரகரப்பு. பாட்டு வகுப்பில் டீச்சர், நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்த குரல் அது. அந்தக் குரலுக்கு ஸ்டூடியோவில் வேலை இருந்தது. என்ன வேலை என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறினதும் இல்லை.

திரையில் வெள்ளை முகம் வந்தால் தேன். தேன் என்பது இன்னொரு குரல்காரியின் பட்டப்பெயர். அவள் பேசினால் காதில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு முகம் வந்தால் கரகரா. இயந்திரப் பெண், சொன்னதைக் கேட்கிற வரைக்கும் தேன். அதே இயந்திரத்துக்குப் புத்தி கெட்டுக் கப்பலில் இருக்கிறவர்களைக் கொல்லக் கிளம்பிவிட்டால் அந்த இடத்திலிருந்து கரகரா. வேறு கிரகத்துப் பெண் கதாநாயகனைப் பார்த்து மயங்கினால் தேன். முட்டை போட்டால் கரகரா.

டப்பிங் வேலையை நடத்துகிற மாஸ்டர் போனில் கூப்பிட்டால் கதை சொல்ல மாட்டார். "ஒரு கறுப்பு இருக்கு, வர்றியா?" என்பார். இல்லாவிட்டால், "வாயில கொழகொழன்னு ஒழுகுற ஒண்ணு இருக்கு, வர்றியா?" என்பார். அவரும் கறுப்புதான், இவளும் கறுப்புதான். அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசவில்லை. ஆரம்பத்தில் ஒரு தடவை இவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அசல் படத்தில் அந்தப் பெண் மெதுவாகத்தானே பேசுகிறாள், நான் எதற்கு உறுமணும் என்று கேட்டாள். முகத்துக்குப் பொருந்த வேண்டாமா என்றார் மாஸ்டர். அவள் உறுமினாள்.

அந்தக் கறுப்புப் பெண்களெல்லாம் சீக்கிரம் செத்துப் போவார்கள். கப்பலில் ஓட்டை விழுந்தால் அடைக்கப் போவது அவர்கள். குகைக்குள் முதலில் விளக்கைத் தூக்கிக்கொண்டு நுழைவது அவர்கள். நான்கு வரி வசனம், ஒரு நீண்ட அலறல், அவ்வளவுதான். அலறி அலறித் தொண்டை புண்ணாகி அவள் மாடிப்படி ஏறி வரும்போது, கதவைத் திறந்துவிட்டுத் தையல்காரி கேட்கிற முதல் கேள்வி, "செத்தாச்சா?" என்பதாக இருக்கும். இவள் தலையாட்டுவாள். வெந்நீர் தயாராக இருக்கும்.

தையல்காரிக்கு வாய் பெரிசு. தெருமுனையில் அகலமில்லாத ஒரு அறையில் கடை. பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே வாடிக்கையாளரைக் கிண்டல் பண்ணுவாள். வேற்று மொழி ஒரு எழுத்து தெரியாது. குரல்காரி பேசின படமென்றால் ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டு அவள் சொல்வதில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

"ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குதாம். காரு பறக்குது. செத்தவன் பொழைச்சு வர்றான். காபி மட்டும் பொம்பளைதான் கொண்டு வர்றா."

இன்னொரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அத்தனை தூரம் போகிறவர்கள் பாரம் குறைய எதையெல்லாமோ கழித்துவிட்டுப் போகிறார்கள், இந்தப் பழைய வழக்கத்தையெல்லாம் மட்டும் ஏன் மூட்டை கட்டிக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று. குரல்காரி கழுவின பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினாள். ஊரில் பாதிப் பேருக்குக் குரல் கொடுத்தவளுக்குத் தன் பேச்சு என்று வந்தால் வாய் வராது. அவளுக்கும் சேர்த்துப் பேசத்தான் தையல்காரி இருந்தாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கி இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது. மாடியில் ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சுவரோடு ஒட்டின சமையல் மேடை. கீழே வீட்டுக்காரம்மா. வீடு கேட்டு வந்த முதல் நாள், வீட்டுக்காரம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர்கள் வாய் திறப்பதற்குள் தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். "அக்கா தங்கச்சியா? பார்த்தாலே தெரியுதே, அதே மூக்கு." இருவர் மூக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அதற்கு முன் மூன்று வீட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு அந்தத் தலையாட்டலே முகவரியாகிவிட்டது. தெருவில் "அக்கா, கடை பூட்டியாச்சா?" என்று கேட்பாள் இவள். டாக்டரிடம், பேருந்தில், கேஸ் கொண்டு வருகிறவரிடம், எங்கே யார் கேட்டாலும், கூடப்பிறந்தவ என்பாள். மாடிக் கதவைச் சாத்தினால் அக்காவும் கிடையாது தங்கச்சியும் கிடையாது. ஏய் என்றும் இந்தா என்றும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இத்தனை வருஷம் ஓடிவிட்டது, இனியும் ஓடிவிடும் என்றுதான் இருந்தார்கள். வீட்டுக்காரம்மாவின் தம்பிக்கு மனைவி இறந்துபோனதில் வந்தது வினை. இரும்புக்கடை வைத்திருக்கிற, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே மகன் வெளிநாட்டில். வீட்டுக்காரம்மாவுக்குத் தம்பி தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மாடியில் கல்யாணம் ஆகாத தங்கச்சி ஒருத்தி கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கிறாள். முறைப்படி அக்காவிடம்தானே கேட்க வேண்டும் என்று கடைக்கே போய்த் தையல்காரியிடம் கேட்டாள். தையல்காரி சிரித்து மழுப்பினாள். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை வீட்டுக்காரம்மாவின் குரலில் கொஞ்சம் கடுமை வந்துவிட்டது.

"உனக்குத்தான் அமையல. தங்கச்சி வாழ்க்கையையும் நீயே பிடிச்சு வச்சுக்கணுமா? ஒரு அக்கா செய்யற காரியமா இது?"

அன்றைக்குத் தையல்காரி ஒரு சீருடையின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். மாடிக்கு வந்து அதைப் பிரித்துக்கொண்டே சொன்னாள், இந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. எப்படிச் சொல்வது என்று இவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றாள் தையல்காரி. குரல்காரிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு வார்த்தை வராத இடம் ஒன்று இருக்கும் என்று இவள் நினைத்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் கூப்பிட்டார். வழக்கம்போல் ஒரு கறுப்பு இருக்கு என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா இது சாகுறது கடைசியில. படம் பூரா வர்றா. ஒரு வாரம் வேலை இருக்கும்" என்றார்.

இன்னொரு சூரியனைத் தேடிப் போகும் ஒரு விண்கப்பல். அதில் எஞ்சின் பார்க்கிற கறுப்புப் பெண், செடி வளர்க்கிற வெள்ளைப் பெண். இருவரும் ஒரு அறையில் இருக்கிறார்கள், ஒரு கட்டிலில் படுக்கிறார்கள், யார் துணி துவைப்பது என்று சண்டை போடுகிறார்கள். கப்பலில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதுதான் குரல்காரிக்கு முதலில் உறைத்தது. யாரும் கேட்கவில்லை. எஞ்சின் பெண் உறுமவும் இல்லை; தன் குரலிலேயே பேசினால் போதும் என்றார் மாஸ்டர். அசல் நடிகைக்கும் தொண்டையில் அதே மணல் இருந்தது.

கடைசியில் எஞ்சின் வெடிக்கப் போகிறது. அதை நிறுத்தக் கறுப்புப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதவில் ஒரு கண்ணாடி. வெளியே செடிக்காரி நின்று அடிக்கிறாள். திரை முழுக்க எஞ்சின் பெண்ணின் முகம் மட்டும். அவள் சொல்கிறாள்: "நீ என்னோட பொண்டாட்டி. இத்தனை நட்சத்திரத்துல எனக்கு வேற ஊர் கிடையாது."

வசனம் எழுதியவர் அதை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தார். வாய் குவிகிற இடத்தில் 'என்னோட', உதடு ஒட்டுகிற இடத்தில் 'பொ'. கச்சிதம். குரல்காரி ஒரே டேக்கில் பேசி முடித்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அந்த வரியைத் தையல்காரியிடம் சொன்னாள். ஸ்டூடியோவில் பேசினதை வீட்டில் பேசிக் காட்டுகிற வழக்கம் இல்லை; அன்று பேசிக் காட்டினாள். தையல்காரி கைத்தையலை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லு என்றாள். சொன்னாள். கொட்டகையில் சத்தமாக வருமா என்று தையல்காரி கேட்டாள். வரும் என்றாள் இவள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் புரியாமல் போகுமா என்று கேட்டாள். எப்படிப் புரியாமல் போகும் என்றாள் இவள். அப்படியானால் வீட்டுக்காரம்மாவைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் தையல்காரி.

"நான் சொல்ல வேணாம். நீ சொல்ல வேணாம். அந்தக் கப்பல்காரி உன் குரல்ல சொல்லட்டும். அந்த அம்மா நம்ம நடுவுல உக்காந்து கேக்கட்டும். கேட்டுட்டுத் திரும்பி நம்ம முகத்தைப் பார்த்தாங்கன்னா, நான் தலையைக் குனிய மாட்டேன். அது போதும்."

வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்று இவள் கேட்டாள். காலி பண்ணலாம், மாப்பிள்ளை பார்க்க மாட்டார்கள் இல்லையா என்றாள் தையல்காரி. அவ்வளவு லேசாக அவள் சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது. மறுநாளே கீழே போய், எங்க தங்கச்சி பெரிய வேஷம் பேசியிருக்கு, முதல் வாரம் பகல் ஆட்டத்துக்கு நீங்க கட்டாயம் வரணும் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்காரம்மா சரி என்றாள். அப்படியே தம்பி பேச்சையும் எடுத்தாள். படம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றாள் தையல்காரி.

பத்து நாள் கழித்து மாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். ஒரு நாலஞ்சு வரி திருத்தம், சும்மா வந்துட்டுப் போ என்றார்.

ஸ்டூடியோவில் படத்தை வாங்கி வெளியிடுகிறவரின் ஆள் உட்கார்ந்திருந்தார். நல்ல மரியாதையான ஆள். இவள் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். தனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், அதுதான் யோசனை என்றார். முத்தம் கொடுக்கிற இடத்தை நறுக்கியாயிற்று. கட்டில் தெரிகிற இடங்களையும் நறுக்கியாயிற்று. மிச்சம் பேச்சுதான். இருவரையும் அக்கா தங்கை ஆக்கிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஒருத்தி கறுப்பு ஒருத்தி வெள்ளையாக இருக்கிறாளே என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அப்பா வேற வேறன்னு வச்சுக்கலாம், எதிர்காலம்தானே என்றார் அந்த ஆள். எல்லோரும் சிரித்தார்கள்.

இதே கம்பெனி இரண்டு வருஷம் முன்னால் ஒரு படம் விட்டிருந்தது. அதில் கதாநாயகி ஆறு கை உள்ள ஒருத்தனைக் கட்டிக்கொண்டு பிள்ளையும் பெற்றாள். அதையும் குடும்பத்தோடுதான் பார்த்தார்கள். ஆறு கைக்காரனை யாரும் அண்ணன் ஆக்கவில்லை. குரல்காரிக்கு அது ஞாபகம் வந்தது. அதை வீட்டில் சொன்னால் தையல்காரி எப்படிக் கிண்டல் பண்ணுவாள் என்று நினைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

மற்ற வரிகள் சுலபமாக மாறிவிட்டன. முதுகு காட்டிப் பேசுகிற இடங்கள், இருட்டு, தூரம். எது வேண்டுமானாலும் பேசலாம். கண்ணாடிக் கதவுக் காட்சிதான் மல்லுக்கு நின்றது. அங்கே முகம் திரை முழுக்க இருக்கிறது. வாய் குவிந்து, உதடு அழுத்தி ஒட்டி, பிறகு திறக்கிறது. தங்கச்சி என்றால் உதடு ஒட்டவே ஒட்டாது. சகோதரி என்றாலும் அதே கதை. அன்புத் தங்கையே என்று போட்டுப் பார்த்தார்கள்; கடுதாசி எழுதுகிற மாதிரி இருக்கிறது என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார். உடன்பிறப்பே என்றார் வசனக்காரர். செத்துப்போகிற நேரத்தில் மேடைப் பேச்சா என்றார் ஒலிப்பதிவாளர். திரையில் அந்த முகம் ஓடி முடிந்து, ஓடி முடிந்து, மறுபடியும் ஓடியது. ஒவ்வொரு தடவையும் இவள் ஒன்றைப் பேசினாள், ஒவ்வொரு தடவையும் அது வாய்க்கு வெளியே தொங்கியது.

மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. மாஸ்டர் ஓய்ந்துபோனார். வெளியீட்டாளரின் ஆள் பக்கம் திரும்பி, "இந்த ஒரு இடம் ஒட்டாது சார். பழையதையே விட்டுடுங்க. சாகிற நேரத்துல பாசத்துல எதையோ சொல்றான்னு போயிடுவாங்க" என்றார். அந்த ஆள் தாடையைத் தடவினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் படத்தை நிறுத்தவில்லை; அது தன்பாட்டுக்கு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. சரி, இந்த ஒரு இடம்தானே என்று அந்த ஆள் சொல்ல ஆரம்பித்தது குரல்காரியின் காதில் விழுந்தது. விட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கண் திரையில் இருந்தது. அந்த வாய் குவிந்தது. இவள் வாயும் குவிந்தது. அந்த உதடு ஒட்டியது, இவள் உதடும் ஒட்டியது. மைக் திறந்திருந்தது.

"நீ என் கூடப்பிறந்தவ."

சொன்னது தான்தான் என்பது அவளுக்கு ஹெட்போனில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. யாரும் பேசச் சொல்லவில்லை. வாய் அசைந்தால் அதற்கு ஒரு சொல்லைக் கொடுக்கிற வேலையை அவள் உதடு தானாகச் செய்துவிட்டது. அந்த அளவுக்கு அவள் நாக்கில் தயாராக, தேய்ந்து வழவழப்பாகக் கிடந்த சொல் வேறு எது இருக்கிறது? டாக்டரிடம் சொன்னது, பேருந்தில் சொன்னது, கேஸ்காரரிடம் சொன்னது.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டார்கள். பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தது. அசலில் அந்த நடிகையே அதைத்தான் சொல்லியிருப்பாள் போல இருந்தது. வசனக்காரர், இது எனக்குத் தோணாமல் போச்சே என்றார். இவள் அவசரமாக, இல்லை மாஸ்டர், நல்லா இல்லை, பழையதே இருக்கட்டும் என்றாள். அவள் எதிர்த்துப் பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை. அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஒட்டாத வரைக்கும் ஒரு காரணம் இருந்துச்சு கரகரா. இப்ப ஒட்டிடுச்சே" என்றார் மாஸ்டர். சந்தோஷமாகத்தான் சொன்னார். வெளியீட்டாளரின் ஆள் எழுந்து வந்து அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று படி ஏறினாள். தையல்காரி புதுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், படத்துக்குப் போட்டுக்கொண்டு போக. அதைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. மறுநாள் வீட்டுக்காரம்மா மேலே வந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மறுநாள் தலைவலி. சொல்ல வேண்டியதை ஒவ்வொரு நாளும் வாய்க்குள் வைத்துக்கொண்டு கடைக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் நடந்தாள். படம் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் ஏதாவது நடக்கும், பழைய பதிவையே தவறிப்போய் வைத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை வேறு. ஸ்டூடியோவில் அப்படி நடந்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பகல் ஆட்டம். வீட்டுக்காரம்மா நடுவில், இருவரும் இரண்டு பக்கம். ஆரம்பத்திலேயே திரையில் எஞ்சின் பெண் செடிக்காரியைப் பார்த்து, "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்றாள். தையல்காரி வீட்டுக்காரம்மாவின் தலைக்கு மேலாக இவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தையல்காரி கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் அந்த ஒரு வரி பாக்கி இருந்தது. படம் முழுக்க எப்படிப் பேசினால் என்ன, அந்த ஒரு இடத்தில் வந்துவிட்டால் போதும் என்று அவள் முதுகு நிமிர்ந்து காத்திருந்ததை இவள் பார்த்தாள். இருட்டிலும் தெரிந்தது.

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடியில் முகம் வந்தது. குரல்காரியின் குரல் கொட்டகை நிறைய, சுவரெல்லாம் அதிர, நீ என் கூடப்பிறந்தவ என்றது. எங்கேயோ யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வீட்டுக்காரம்மா கைக்குட்டையைத் தேடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கையால் இவள் கையையும், இன்னொரு கையால் தையல்காரியின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வெயிலில் வந்து நின்றபோது வீட்டுக்காரம்மாவுக்கு மனசு நிறைந்திருந்தது. "உங்க ரெண்டு பேரையும் பார்த்த மாதிரியே இருந்துச்சு. அக்கா தங்கச்சின்னா இப்படியில்ல இருக்கணும்" என்றாள். பிறகு தையல்காரியின் தோளில் கை வைத்து, கடுமையே இல்லாமல், நிஜமான வாஞ்சையோடு சொன்னாள்.

"அவ தங்கச்சிக்காக உசிரையே விட்டுட்டா பாரு. நீ அவளுக்கு ஒரு வாழ்க்கையை விட்டுக்குடுக்க மாட்டியா?"

தையல்காரி பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மாடிக் கதவைச் சாத்தின பிறகு புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அந்த வார்த்தையை யார் போட்டது என்று கேட்டாள். வசனக்காரர் என்று சொல்லியிருக்கலாம். மாஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். தையல்காரி நம்பியிருப்பாள், திட்டித் தீர்த்திருப்பாள், திட்டு தீர்ந்ததும் சரியாகிப்போயிருக்கும். குரல்காரிக்குப் பொய் சொல்ல வரும், எழுதிக் கொடுத்தால். "நான்தான்" என்றாள்.

எப்படி நடந்தது என்று சொல்லிப் பார்த்தாள். வாய் குவிந்தது, உதடு ஒட்டியது, யோசிக்கவே இல்லை, விட்டுவிடலாம் என்றுதான் அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டு போனது. தையல்காரி எல்லாவற்றையும் கேட்டாள். கோபம் வருமென்று இவள் காத்திருந்தாள். வரவில்லை.

"வீட்டுக்காரம்மா சொன்னாங்க, தெரு சொல்லுச்சு, அதெல்லாம் ஊர் சொன்னது. நீயும் நானும் சொல்லிக்கிட்டது பயத்துல. ஆனா இப்ப யாரும் உன்னைக் கேக்கல. தானா வந்துச்சுன்னா, உள்ளே அதுதான் இருக்கு போல."

அப்படி இல்லை என்று இவள் சொன்னாள். இவள் சொன்னது அவ்வளவுதான். வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் பேசியிருப்பாள்.

மறுவாரம் தையல்காரி தன் படுக்கையை எடுத்து முன்னறையில் போட்டுக்கொண்டாள். இடுப்பு வலி, தரையில் படுத்தால் தேவலாம் என்றாள். சண்டை எதுவும் இல்லை. காலையில் டீ போடுகிறாள், கடைக்குப் போகிறாள், சாயங்காலம் காய்கறி வாங்கி வருகிறாள். கதவைச் சாத்தின பிறகும் இப்போது தங்கச்சி என்றே கூப்பிடுகிறாள். முதல் நாள் அதைக் கேட்டபோது குரல்காரி கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டாள். இப்போது பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டை வைப்பதில்லை.

அந்தப் படம் நன்றாக ஓடியது. மாஸ்டர் இப்போது பெரிய வேஷங்களுக்கும் கூப்பிடுகிறார், பெரும்பாலும் அக்காக்கள், ஒரு முறை அம்மா. வீட்டுக்காரம்மாவின் தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடிக்கு வருகிறார். முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரும்பு விலையைப் பற்றிப் பேசுகிறார். நல்ல மனிதர். தையல்காரி அவருக்கு மரியாதையாக டீ கொடுத்து, பொறுப்பான அக்காவாக, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கிறாள். குரல்காரி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் பேசும்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் மகன் ஊருக்கு வருகிறான், அதற்குள் ஒரு முடிவு சொன்னால் நல்லது என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறாள். சொல்லிவிடுகிறோம் என்று தையல்காரி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.